ஆறைந்து காதம்: புகாரிலிருந்து மதுரைக்கு

பூம்புகாருக்கு ரயில் வராது, விமானமும் வராது. ரயிலேற 24 கிலோமீட்டர் தள்ளியுள்ள மயிலாடுதுறைச் சந்திப்புக்குப் போக வேண்டும். விமானம் ஏறத் திருச்சிக்குப் போக வேண்டும். காரில் கிளம்பி மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, கல்லணை, திருச்சி என்று பிடித்தால் மதுரை ஏறத்தாழ 285 கிலோமீட்டர். டெல்டாவின் குறுகிய சாலைகளில் அறுவடை இயந்திரத்துக்கும் வைக்கோல் வண்டிக்கும் ஒதுங்கி, திருச்சி தாண்டி நான்கு வழிச் சாலையில் வேகமெடுத்தால் ஆறேழு மணி நேரத்தில் மாட்டுத்தாவணியில் இறங்கிவிடலாம். வானில் நேர்கோடு போட்டால் தூரம் சுமார் 230 கிலோமீட்டர்தான்.

மதுரை எவ்வளவு தூரம் என்ற கேள்வி இந்த வழிக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் அதைக் கேட்பவள் கண்ணகி.

மாதவியைப் பிரிந்து வீடு திரும்பிய கோவலன், மனைவி கண்ணகியின் சிலம்பை முதலாக வைத்து மதுரையில் பிழைப்புத் தேடலாம் என்று முடிவெடுக்கிறான். நிலவு மறைந்த விடியற்கருக்கலில், யாருக்கும் சொல்லாமல் இருவரும் புகாரைவிட்டுக் கிளம்புகிறார்கள். மாளிகையைத் தாண்டி நடந்தே பழகாத பெண். காவிரியின் வடகரையோடு மேற்கே ஒரு காதம் நடந்ததும் மூச்சு வாங்குகிறது, கால் நோகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே, ஆறைந்து காதம், பக்கம்தான் என்கிறான். ஆறைந்து என்றால் முப்பது. முப்பது என்றால் அவள் கலங்கிவிடுவாள் என்று, ஆறோ ஐந்தோ என்று காதில் விழும்படி சொன்னான் என்பது உரைகாரர்கள் காட்டும் நயம்.

நயம் இருக்கட்டும், கணக்கு சரியா?

அகராதியைப் பிரித்தால் காதம் என்பது சுமார் 10 மைல். அப்படியானால் முப்பது காதம் 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நடந்தால் மதுரையைக் கடந்து திருநெல்வேலியையும் தாண்டிவிடலாம். இன்னொரு பழைய கணக்கு காதத்தை ஏழு நாழிகை வழி என்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழு நாழிகை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அவசரமில்லாமல் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் நடக்கிற ஒருவர் அந்த நேரத்தில் 10 கிலோமீட்டரை நெருங்குவார். இன்றைய 285 கிலோமீட்டரை முப்பதால் வகுத்தாலும் காதத்துக்கு ஒன்பதரை கிலோமீட்டர் வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. சிலப்பதிகாரத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அதை இயற்றியவர் இந்த வழியின் நீளத்தை அறிந்தவர் என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு நல்ல சாட்சி.

காதம் ஏட்டில் மட்டும் இருந்த அளவு என்றும் நினைக்க வேண்டியதில்லை. அதைக் கல்லில் வெட்டி வழியோரம் நட்டிருக்கிறார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்துக்குக் கீழே குழிகள் உண்டு. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வழிப்போக்கரும் இருட்டில் வருகிறவரும் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். சேலம் மாவட்டம் ஆறகளூரில் உள்ள மகதேசன் பெருவழிக் கல் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்கிறது. இன்றைய சாலையில் அது 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். அப்படிப் பார்த்தால் அங்கே ஒரு காதம் 12 கிலோமீட்டருக்கு மேல். நாட்டுக்கு நாடு மரக்காலும் முழக்கோலும் மாறியதுபோலக் காதமும் மாறியிருக்கிறது.

புகாரிலிருந்து உள்நாட்டுக்கு நல்ல வழி இருந்தே ஆக வேண்டிய நிலை வேறு. தாலமி தன் புவியியல் நூலில் கபேரிஸ் என்று குறித்த துறைமுகம் இது. கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதையும், மிளகு மூடைகள் குவிந்ததையும், சரக்குகள் மேல் சோழரின் புலி முத்திரை பதிக்கப்பட்டதையும் பட்டினப்பாலை விரிவாகச் சொல்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகுகளைக் கட்டிவைக்கும் மரத் தறிகளும் வெளிப்பட்டன. தறிகளின் கரியப் பகுப்பாய்வு கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைக் காட்டியது. துறையில் இறங்கிய சரக்கு ஊருக்குள்ளேயே செலவாகிவிடாது. அது வண்டியேறி மேற்கே போக வேண்டும்.

அந்தக் கால நெடுவழிகளின் அரசர்கள் உமணர்கள். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு வண்டி வண்டியாகக் கிளம்புவார்கள். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிவைத்திருப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் ஓர் அரசனைப் புகழ அதையே உவமையாக எடுத்தாள்கிறார். இன்றைய லாரிக்கு ஸ்டெப்னி எதுவோ, அன்றைய உப்பு வண்டிக்கு அது.

கோவலன் வண்டி கட்டிக்கொண்டு போகவில்லை, நடந்தான். முதல் காதத்தின் முடிவில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி வழித்துணையாகச் சேர்ந்துகொள்கிறார். வழியைப் பற்றி அவர் முன்கூட்டியே எச்சரிப்பது, டெல்டாவின் மண்ணை மிதித்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் பகுதி. வெயிலுக்கு அஞ்சித் தோப்பு வழியாகப் போனால், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். தெரியாமல் கால் விட்டுவிடலாம். குழியைப் பார்த்து ஒதுங்கினால் தொங்கும் பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளையும் கொல்லையில் பலாக்கொட்டை பரல் கல்லாகக் குத்தும். சரி, வயல் வழியாகப் போகலாம் என்றால், நீர்நாய் துரத்த மீன்கள் துள்ளிப் பாயும், கண்ணகி மிரண்டுபோவாள். கரும்பில் கட்டிய தேனடை உடைந்து குளத்து நீரில் கலந்திருக்கும். தாகத்துக்கு அள்ளிக் குடித்தால் தேன் உண்ட பாவம். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும்.

ஒரு துறவியின் அறக்கவலைதான் இது. ஆனாலும் இதற்குள் ஒரு நிலப்படம் ஒளிந்திருக்கிறது. ஆற்றங்கரையில் படுகைத் தோப்பு, அதை அடுத்துக் கொல்லை, அப்புறம் நன்செய், நடுவே வாய்க்கால். இந்த வரிசையைக் காவிரிக் கரையில் இப்போதும் காணலாம். வழியெல்லாம் மதகில் நீர் விழும் ஓசை, நடவுப் பெண்களின் பாட்டு, ஏர் பூட்டுவோரின் பாட்டு, களத்தில் நெல்லை முகந்து தரும்போது பாடும் பாட்டு என்று ஒலிகளையும் காப்பியம் பதிவு செய்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லை, இடையிடையே பல நாள் தங்கியும் போனார்கள் என்று சிலப்பதிகார ஆசிரியர் இளங்கோ வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்.

அப்படியென்றால் மொத்தம் எத்தனை நாள்? காப்பியமே இரண்டு முனைகளைத் தருகிறது. புகாரில் இந்திர விழா சித்திரை முழுநிலவில் தொடங்குகிறது. மணிமேகலை காப்பியத்தின்படி அது 28 நாள் திருவிழா. விழா முடிவை ஒட்டித்தான் பிரிவும் பயணமும். மறுமுனையில், மதுரை எரிந்தது ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை. மதுரைக்கு வந்து சில நாளிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இடையில் கழிந்தது ஒரு மாதத்துக்குக் குறையாது, இரண்டு மாதத்தைத் தொட்டாலும் வியப்பில்லை. நாளொன்றுக்கு ஒரு காதம் என்றால் முப்பது நாள். தங்கிய நாட்கள் தனி. இந்தக் கணக்கும் இடிக்கவில்லை.

வழியில் திருவரங்கத்தில் ஆற்றைக் கடக்க ஓடம் ஏறுகிறார்கள். தென்கரையில் உறையூர். அங்கிருந்து காவிரியை விட்டுத் தெற்கே திரும்பினால் வறண்ட நாடு. நீர்வளம் நிறைந்த சோழ நாட்டைக் கடந்ததும் வேனிலின் முழு உக்கிரம் தெரிகிறது. அங்கே எதிர்ப்படும் மாங்காட்டு மறையவன், மதுரைக்குப் போக மூன்று வழி உண்டு என்று விளக்குகிறான். கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை வழி. இடப்பக்கம் திருமால்குன்றம், அதாவது அழகர்மலை வழி. நடுவில் போவது நேர் வழி, ஆனால் அங்கே மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு.

அவர்கள் நடுவழியைத் தேர்கிறார்கள். குளக்கரையில் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து கோவலனை மயக்கப் பார்க்கிறது. அதிலிருந்து தப்பி, எயினர்களின் ஐயை கோட்டத்தில் இளைப்பாறி, பகல் வெயில் தாங்காமல் இரவு நிலவொளியில் நடந்து வைகைக் கரையை அடைகிறார்கள். ஆற்றை மரப்புணையில் கடந்து மதுரையின் புறஞ்சேரிக்கு வருகிறார்கள். மதுரையில் அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவள் இடைக்குல மாதரி.

தெய்வத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மறையவன் சொன்ன நில அமைப்பு பொய்க்கவில்லை. திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே சிறுமலையும் அழகர்மலையும் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் புகுந்தோ ஓரமாக ஒதுங்கியோதான் யாரும் போக முடியும். கொடும்பாளூர் பிற்காலத்தில் இருக்குவேளிரின் தலைநகரானது. 10ஆம் நூற்றாண்டின் மூவர் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. வழிகள் கூடும் இடத்தில் தலைநகர் அமைந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதுவரை சொன்னது தரைவழி. புகாருக்கு வான்வழியும் ஒன்று இருந்தது, காப்பியக் கற்பனையில்.

கோவலனின் மகள் மணிமேகலை. இளவரசன் உதயகுமரன் அவளை விடாமல் துரத்துகிறான். ஒரு நள்ளிரவில் மணிமேகலா தெய்வம், உறங்கும் அவளைத் தூக்கிக்கொண்டு தென்திசையில் வானத்தில் பறந்து மணிபல்லவத் தீவில் இறக்கிவிடுகிறது. விழித்தபோது எதிரே மணலும் கடலும். மணிமேகலை காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் தரும் தூரம் ஆறைந்து யோசனை. தந்தை நடந்தது ஆறைந்து காதம். மகள் பறந்தது ஆறைந்து யோசனை. முப்பது காதத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாள், முப்பது யோசனைக்கு ஒரே இரவு. பிறகு அவளுக்கே பறக்கும் மந்திரம் கிடைத்து, சாவக நாட்டுக்கும் வஞ்சிக்கும் காஞ்சிக்கும் வானிலேயே போகிறாள்.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பூம்புகாரிலிருந்து அது கிட்டத்தட்ட நேர் தெற்கு, 170 கிலோமீட்டர் தொலைவு. யோசனை என்பது எட்டு ஒன்பது மைல் என்று கொண்டால் முப்பது யோசனை 400 கிலோமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தூரம் பறந்தால் தீவைக் கடந்து இலங்கையின் மேற்குக் கரையில் சிலாபம் அருகே இறங்க வேண்டியிருக்கும். திசை சரியாக இருக்கிறது, தூரம் இடிக்கிறது. காலால் அளந்த வழிக்கும் காலே படாத வழிக்கும் உள்ள வேறுபாடு இது. இளங்கோவின் முப்பது வழிநடையில் விளைந்த எண்; சாத்தனாரின் முப்பது கதைக்கு வாய்ப்பான எண்.

ஆனாலும் அந்தக் கடல்வழியில் உண்மையான கப்பல்கள் ஓடின, உடைந்தும் போயின. மணிமேகலையிலேயே கம்பளச் செட்டியின் மரக்கலம் கவிழ்ந்து சோழ இளவரசக் குழந்தை தொலைகிறது. துயரத்தில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டு முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிய கலம் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கலமானால் பாதிக்குப் பாதி. உடைவது வாடிக்கையாக இருந்ததால்தான் இந்தப் பங்குக் கணக்குத் தேவைப்பட்டது.

அந்த வழி நம் காலத்தில் மறுபடி திறந்திருக்கிறது. 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னை விமானச் சேவை தொடங்கியது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் கிளம்பியது. 2025 மார்ச்சில் திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியது. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. மணிமேகலைக்கு ஓரிரவு பிடித்த வழி இது.

காக்கை பறக்கும் தூரத்தைக் கருவி வைத்து அளக்க டெல்டாவில் 19ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டுப் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், தெற்கே வந்தபோது காவிரிச் சமவெளியில் திகைத்தார். முக்கோணம் கட்ட ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கே குன்று இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் தென்னையும் வயலும். அதனால் கோயில் கோபுரங்களையே குன்றுகளாக்கிக்கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்ப்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய், ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே சீர் செய்தார். இன்று கைப்பேசி ஒரு நொடியில் காட்டும் நேர்கோட்டுத் தூரத்துக்கு ராஜராஜனின் விமானமும் ஒரு படிக்கட்டு.

அரை நூற்றாண்டு கழித்து ரயில் வந்தது. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை தண்டவாளம் ஓடியது; 1875இல் அது திருச்சியிலிருந்து மதுரையைத் தொட்டது. கொடும்பாளூரின் மூன்று கிளைகளில் எதையும் பொருட்படுத்தாமல் மணப்பாறை, திண்டுக்கல் என்று ரயில் தனக்கொரு வழி போட்டுக்கொண்டது. காதக் கணக்கில் நடந்த நாடு மணிக் கணக்குக்கு மாறியது. அதே தலைமுறையில்தான் கோவலன் நடந்த கதையும் அச்சேறியது. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அவர் படித்த ஊரும் வேலை பார்த்த ஊரும் புகாரிலிருந்து உறையூருக்குப் போகும் அதே காவிரி வழியில் உள்ளவை.

அந்த வழிக்கு இன்று அரசாங்கப் பெயர் உண்டு. கல்லணை–காவிரிப்பூம்பட்டினம் சாலை, மாநில நெடுஞ்சாலை எண் 22. துறைமுகம் அழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் நெடுஞ்சாலைத் துறையின் பட்டியலில் பூம்புகாரின் பழைய பெயர் நிலைத்துவிட்டது. சாலை அங்கங்கே கரை மாறினாலும் பெரும்பகுதி காவிரியை ஒட்டியே போகிறது. பூம்புகாருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். ஒருநாள் கூடுதலாக இருந்தால் 22ஆம் எண் சாலையில் கல்லணை வரை காவிரியை எதிர்த்துப் போங்கள். திருவரங்கத்தில் ஆற்றைக் கடந்து, விராலிமலை அருகே கிழக்கே விலகிக் கொடும்பாளூரையும் பார்த்துவிட்டு மதுரைக்குப் போங்கள். காதங்களை எண்ணிக்கொண்டே போக விரும்பினால் ஒன்பதரை கிலோமீட்டருக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.